சார்வாள் ஊரோடு வந்துவிட்டார்

அக்கிரகாரத்து வீடு ஒன்றின் வாசலில் ஒரு லோடு மணலும், திண்ணையில் அட்டைப்பெட்டி பிரிக்காத வெஸ்டர்ன் டாய்லெட்டும் தென்பட்டால், யாரோ ஊரோடு வரப்போகிறார்கள் என்று கல்லிடைக்குறிச்சியில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கொல்லைக் கிணறு தூர்ந்து கிடக்கலாம், அடுக்களை ஓடு சரிந்திருக்கலாம். முதலில் வந்து இறங்குவது அந்தப் பீங்கான்தான். குழாய்க்காரர் "இந்தா வந்துட்டேன் சார்வாள்" என்று அம்பாசமுத்திரத்திலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருக்கும் நாள்வரை பெட்டி திண்ணையிலேயே இருக்கும். தெருவில் போகிறவர்கள் காய்கறிப் பையை அதன்மேல் இறக்கி வைத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

இப்படி வருகிறவர்களுக்கு ஊரில் சொந்தப் பெயர் கிடையாது. எங்கே சம்பாதித்தார்களோ, அந்த இடந்தான் பெயர். "மஸ்கட்டுக்கு ரெண்டு நாளா ஜலதோஷம்." "பம்பாய் வாசல்ல நிக்கறார், கதவைத் திற." "பெங்களூருக்கும் நியூஜெர்சிக்கும் பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு." புதிதாகக் கேட்கிறவர் ஐ.நா. சபைச் செய்தி என்றுதான் நினைப்பார்.

ஊரை விட்டுப் போவதும் திரும்புவதும் இங்கே புதிதல்ல. மலையைத் தாண்டித் திருவிதாங்கூர்ச் சீமைக்கு வியாபாரத்துக்கும் லேவாதேவிக்கும் போனவர்கள் கல்லிடைக்காரர்கள். அந்தக் காசு இங்கே வந்துதான் திண்ணையாகவும் ரேழியாகவும் கூடமாகவும் நீண்டது. அவர்களும் தலை நரைத்ததும் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் சீட்டாடினார்கள், கோயிலுக்குப் போனார்கள், பங்காளியோடு கேஸ் நடத்தினார்கள். ஊருக்குத் தொந்தரவில்லை. இப்போது வருகிறவர்கள் ஊரைத் திருத்த வருகிறார்கள்.

நான் சொல்லப்போகிற சார்வாள் தனி ஆள் இல்லை. நாலைந்து பேரைச் சேர்த்து வடித்த ஆசாமி. ஆகவே யாரும் வீடேறிச் சண்டைக்கு வரவேண்டாம். டெல்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகம், ரிட்டயரானதும் நியூஜெர்சியில் பிள்ளை வீடு, கையில் கிரீன் கார்டு. இவ்வளவும் இருக்க ஏன் இங்கே வந்தார் என்றால், அதற்குக் காரணம் இத்தாலி.

ஃபிரான்சஸ் மேயஸ் என்ற அமெரிக்க அம்மாள், இத்தாலியில் கோர்டோனா என்ற ஊரில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய வீடு ஒன்றை வாங்கிச் சீர்ப்படுத்திக் குடியேறிய கதையை 1996-ல் 'அண்டர் தி டஸ்கன் சன்' என்று புத்தகமாக எழுதினார். உலகம் முழுக்க விற்றது, சினிமாவாகவும் வந்தது. மருமகள் அதைச் சார்வாளிடம் கொடுத்தாள். பொழுதுபோகாமல் அவர் ஏசி ரிமோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று கேள்வி. படித்து முடித்ததும் சார்வாளுக்கு ராத்தூக்கம் போயிற்று. கல் வீடு, மலை, ஆறு, மதியம் கடையடைத்துத் தூங்கும் ஊர், சாயங்காலம் தெருவில் உலாத்தும் ஜனங்கள். இதெல்லாம் நம்ம கல்லிடையில் இல்லையா? கோர்டோனா எதற்கு?

தாத்தா விற்றுவிட்டுப் போன வீட்டையே திரும்ப வாங்குவதென்று புரோக்கரைப் பிடித்தார். விலையைக் கேட்டதும் இத்தாலியை எடுத்து வீசினார். சிசிலித் தீவில் சம்புக்கா என்று ஓர் ஊர், 2019-ல் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோ ஆரம்ப விலைக்கு விற்றது, மூன்று வருஷத்துக்குள் பழுதுபார்த்தால் போதும். அதே 2019-ல் அந்த நாட்டுச் சர்க்கார், தெற்கே இருபதாயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களில் வந்து குடியேறும் வெளிநாட்டுப் பென்ஷன்காரர்களுக்கு வருமான வரி ஏழே சதவீதம் என்ற சட்டத்தையும் அமலுக்குக் கொண்டுவந்தது. இவ்வளவையும் சார்வாள் மூச்சுவிடாமல் சொன்னார். புரோக்கர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு யூரோன்னா நம்ம பணத்துக்கு எம்புட்டு?"

"தொண்ணூறு ரூபாய் சொச்சம்."

"அதுக்கு இங்க ஒரு கட்டு அப்பளம் வரும் சார்வாள். வீட்டுக்குப் பங்காளிங்க பதினோரு பேரு கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரு மெல்போர்ன்ல இருக்காங்க. அதுல ஒருத்தரு யாரோடயும் பேசுறதில்ல."

எப்படியோ பத்திரம் முடிந்தது. வேலை ஆரம்பமாயிற்று. சிமெண்ட் கூடாது, பழைய மாதிரிச் சுண்ணாம்புதான் பூச வேண்டும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில்தான் குழைக்க வேண்டும் என்றார் சார்வாள். கொத்தனாருக்கு அந்த வேலையைத் தாத்தா செய்ததாக ஞாபகம். அந்தத் தாத்தாவின் பேரன் தன் வீட்டுக்கு டைல்ஸ் போட்டு, முகப்பில் சிங்க முகம் வைத்து, ஏசி மாட்டியிருக்கிறார். "ஏன் சார்வாள், அம்புட்டுப் பணம் கிடக்கையில நல்லதாவே போட்டுக்கலாமே" என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். சார்வாள் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் விளக்கினார். சித்தாள்கள் அந்த அரைமணியும் நிழலில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். விளக்கம் தினமும் நடந்தது. கூலியும் தினக்கூலி.

வீட்டுக்குள் போனால் இன்னும் விசேஷம். எதிர்வீட்டு மாமி பழைய பித்தளைக்காரனிடம் எடைக்குப் போட்ட அடுக்கும், தவலையும், கோதாவரிக் குண்டானும், திருநெல்வேலி கடை ஒன்றில் பத்து மடங்கு விலை ஏறி, சார்வாள் வீட்டுக் கூடத்தில் மினுங்குகின்றன. மாமிக்குத் தன் வெங்கலப் பானையை அடையாளம் தெரிந்துவிட்டது. விளிம்பில் மாமியாரின் பெயர் வெட்டியிருக்கிறதே. "நல்ல பானை, ஆனா தேய்ச்சு மாளாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அவள் வீட்டில் டேபிள்டாப் கிரைண்டர் ஓடுகிறது. சார்வாள் வீட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கோலம் போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. மாவு பாக்கெட்டில் வருகிறது.

கோர்டோனா அம்மாளுக்கும் நம் சார்வாளுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். தான் அந்நியர் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். எந்தக் கடையில் என்ன கிடைக்கும், யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நடந்தார். சார்வாளுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர் இந்த ஊர்க்காரர். ஆகவே எல்லாம் தெரியும். மீட்டர்கேஜ் ரயில் ஓடிய கல்லிடை தெரியும். 2012-ல் அகலப்பாதை வந்த பிறகு உள்ள கல்லிடைதான் தெரியாது. திலகர் வித்யாலயத்தில் தன்னோடு படித்தவன் பெயரைச் சொல்லி, "அவன் கடை எங்கே?" என்று கேட்பார். அவன் பேரனே கடையை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போயாயிற்று. வயலில் நிற்கிறவரிடம் பாரம்பரிய நெல் பற்றிப் பேசுவார். கார் போகமா பிசானமா என்று கேட்டால் முழிப்பார்.

ஆற்றுக் குளியல்தான் அவர் வந்ததற்கு முக்கியக் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். விடியற்காலையில் ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் நேரமும் நாடித்துடிப்பும் காட்டும் கடிகாரம், தோளில் ஈரிழைத் துண்டு. தாமிரபரணியில் மூன்று முழுக்குப் போட்டதும் படத்தைக் குடும்பக் குரூப்பில் ஏற்றுவார். நாலாம் நாள் தும்மல். அதற்கப்புறம் சாரல் காலம் முடியட்டும் என்றார். சாரல் முடிந்ததும் ஐப்பசி மழை நிற்கட்டும் என்றார். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைவு என்றார். கன்னடியன் கால்வாயில் அரை டிராயர் பையன்கள் குதித்துக் குதித்து விழுவதைக் கரையில் நின்று பார்த்து, "நாங்கள்லாம் இதைவிட உசரத்திலேர்ந்து குதிப்போம்" என்பார். பையன்கள் "சரி தாத்தா" என்பார்கள். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: ஆற்றில் பழந்துணியை விட்டுவிட்டுப் போகும் பரிகாரக்காரர்கள்மேல் அவருக்கு வரும் கோபம் நூற்றுக்கு நூறு சரி. பாபநாசத்தில் விட்ட வேட்டி இங்கே காலில் சுற்றுகிறது. ஆனால் அந்தக் கோபத்தையும் அவர் பவர்பாயிண்டாகச் செய்து காட்டியதில் ஊர் தூங்கிவிட்டது.

பவர்பாயிண்ட் என்றால் கமிட்டி. ஊரோடு வந்த எவரும் ஒரு வருஷத்துக்குள் ஒரு கமிட்டி போடாமல் இருந்ததில்லை. ஆற்றுக்கு ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று, குரங்குக்கு ஒன்று. குரங்குக் கமிட்டி கூடிய அன்றைக்கு மாடியில் காய்ந்த வடாம் பூராவையும் குரங்கு கொண்டுபோயிற்று. சங்கீதக் கமிட்டியும் உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதர் ஆபோகியில் பாடிய 'ஸ்ரீ லக்ஷ்மீ வராஹம்' எங்கள் ஊர் ஆதிவராகப் பெருமாள் மேல் என்பதால், கூடத்துக் கச்சேரிக்கு யார் வந்தாலும் சார்வாள் அதைத்தான் சீட்டு எழுதி அனுப்புவார். பாட்டு நடக்கும்போது எழுந்துபோய் ஃபேனைக் குறைப்பார்.

வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்களில் இந்த ஊர் திரண்டு நின்று வரவேற்றது ஒருவரைத்தான். குலசேகரமுடையார் கோயில் நடராஜர். 1982-ல் திருட்டுப் போனார். 2001-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர அருங்காட்சியகம் அவரை விலைகொடுத்து வாங்கிக் குடிவைத்தது. 2019 செப்டம்பரில் திரும்பி வந்தார். 37 வருஷம் வெளியில் இருந்தும், "அடிலெய்டுலல்லாம் இப்படிக் கிடையாதாக்கும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதாகத் தகவல் இல்லை. போனபோது தூக்கிய கால் வந்தபோதும் தூக்கினபடியே இருந்தது. இதைச் சார்வாளிடமே ஒருநாள் சொன்னேன். ரசித்துச் சிரித்தார். "ஆனா அடிலெய்டு மியூசியம் மெயின்டெனன்ஸ் இருக்கே..." என்று ஆரம்பித்தார்.

சார்வாள் ஆத்து மாமி கதை வேறு. வரவே மாட்டேன் என்றவள் அவள். நியூஜெர்சியில் தானே கார் ஓட்டிக்கொண்டு நூலகம், யோகா என்று திரிந்தவள். "உங்க ஊர், நீங்க போங்கோ" என்று ஆறு மாசம் மல்லுக்கட்டினாள். வந்த பிறகு பார்த்தால், மினிபஸ்ஸில் ஏறி அம்பாசமுத்திரம் போய் மார்க்கெட் முடித்து வருகிறவள் அவள்தான். கண்டக்டர் அவளுக்கு ஜன்னலோர சீட்டுப் பிடித்து வைக்கிறான். பக்கத்துத் தெருவில் அப்பளம் இடுகிற பெண்களோடு உட்கார்ந்து, பிரண்டைச் சாறு எவ்வளவு, உளுந்துமாவை எவ்வளவு நேரம் இடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். முதல் நாள் அவள் இட்ட அப்பளம் ஆப்பிரிக்கா வரைபடமாக வந்தது. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றோடு ஊர் அவளைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் சார்வாளுக்கு ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனுக்கு மாமிதான் போன் போடுகிறாள். பத்து நிமிஷத்தில் சைக்கிள் வந்து நிற்கிறது. "நான் சொல்லிச் சொல்லித்தான் இவங்க டைம் கீப் பண்ணக் கத்துண்டிருக்காங்க" என்கிறார் சார்வாள்.

நவம்பர் வந்தால் சார்வாளுக்கு ஜுரம் வராத குறை. பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் மாதம். தபால்காரர் கருவியோடு வீட்டுக்கே வந்துவிடுகிறார். பெருவிரலை வைத்தால் ரேகை விழாது. கையைக் கழுவு, துடை, எண்ணெய் தேய், இன்னொரு விரல். பத்து விரலும் முடிந்து, கருவி அவரை ஏற்க மறுக்கும். "இதோ நிக்கறேனே ஓய், இதைவிட என்ன சாட்சி?" என்று கத்துவார். பிறகு முகத்தைப் படம்பிடித்து ஒருவழியாக உயிர் ஊர்ஜிதமாகும். இந்த ஊர்ப் பென்ஷன் சாகாமலிருக்க நவம்பரில் இங்கே முகம் காட்ட வேண்டும். அந்த ஊர்க் கிரீன் கார்டு சாகாமலிருக்க வருஷம் திரும்புமுன் அங்கே போய் முகம் காட்ட வேண்டும். அங்கே போய் இறங்கியதும் பூங்கா பெஞ்சில் மற்ற கிழவர்களிடம் "எங்க கல்லிடைலல்லாம்..." என்று தொடங்குகிறாராம். மருமகள் மாமியிடம் சொல்லி, மாமி எங்களிடம் சொன்னது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைகடந்து ஓடிய வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. கரண்ட் போயிற்று. எல்லோர் கையிலும் செத்த போன். அப்போதுதான் சார்வாள் வீட்டுக் கூரைமேல் சோலார் பலகையும், ரேழியில் இரண்டு பெரிய பேட்டரியும் இருப்பது தெருவுக்கு ஞாபகம் வந்தது. அவற்றை அவர் மாட்டிய நாளில் கேலி செய்யாதவர்கள் யாருமில்லை, நான் உட்பட. திண்ணை நிறைய எக்ஸ்டென்ஷன் பெட்டிகளும் போன்களும். சார்வாள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போனிலும் சீட்டு ஒட்டி, இருபது சதவீதம் ஏறினால் அடுத்த ஆள் என்று நிர்வகித்தார். மாமி உள்ளேயிருந்து காப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். "சார்வாள், என்னுது எத்தன பர்சென்ட்?" என்று கொத்தனார் கேட்டார். மெல்போர்ன் பங்காளியின் தம்பிகூட வந்து சொருகினார். முதல் தடவையாக ஊர் சார்வாளிடம் கேள்வி கேட்டது. அவருக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லத் தெரிந்தது.

கரண்ட் வந்ததும் அவரவர் போனை எடுத்துக்கொண்டு போனார்கள். சார்வாள் உடனே பேரிடர்க் கமிட்டி என்று வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்து, ஊரிலும் வெளியூரிலும் உள்ள அத்தனை பேரையும் சேர்த்தார். திண்ணையில் ஒரு ரோஸ் கலர் சார்ஜர் கேட்பாரற்றுக் கிடக்கிறது, யாருடையது என்று படத்தோடு கேட்டார். இன்றுவரை அந்தக் குரூப்பில் வேறு விஷயம் நடக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து ஒருவர், பெங்களூரிலிருந்து ஒருவர், மெல்போர்னில் யாரோடும் பேசாத அந்தப் பங்காளி என்று ஒவ்வொருவராக "என்னுடையது இல்லை" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.