வாலுக்கு மரியாதை

நியூ ஜெர்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

"எறா வறுத்துக் கொண்டு போனியே, யாராச்சும் தின்னாங்களா?"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டிருந்தே. தட்டு காலி. ஆனா அதை ரெண்டு வார்த்தையில சொல்ல மனசு வரல, அதான் கடுதாசி.

பிப்ரவரி மாசம் இங்க சூப்பர் பவுல்னு ஒரு இறுதிப் போட்டி. பேரு கால்பந்துதான், பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுறாங்க. அதைப் பாக்க ஆபீஸ் சிநேகிதி வீட்டுல கூட்டம். ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டு போகணும், நின்னுக்கிட்டே கொறிக்கிற மாதிரி. "காரமா எறா, ரொம்ப ஈஸி"ன்னு வாயைக் குடுத்துட்டேன்.

இங்க எறாவுக்கு நம்பர் உண்டு. பையில 26/30ன்னு போட்டிருந்தா ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 26லேர்ந்து 30 உருப்படி. நம்பர் ஏற ஏற எறா சிறுத்துடும். பையைத் திருப்பினா, இந்தியாவுலேர்ந்து வந்ததாம்! பண்ணை வனாமி. ஆந்திராவோ, நம்ம வேதாரண்யம் பக்கமோ. விசாவுக்கு வரிசையில நிக்காமலே வந்துருக்கு.

தலை, ஓடு, குடல் எதுவும் கிடையாது. வால் மட்டும் இருந்துச்சு. அதையும் ஆய்ஞ்சு போடலாம்னா, ஒத்தாசைக்கு வந்தவ பதறிட்டா. விருந்தாளிங்க பிடிச்சுத் தின்ன வால்தான் கைப்பிடியாம். தின்னு முடிச்சு வாலைப் போட தனிக் கிண்ணம் வேணுமாம். கிண்ணம் தட்டுக்குப் பொருத்தமா இருக்கணுமாம். அது நிறைஞ்சா இன்னொண்ணு தயாரா இருக்கணுமாம். தலை இல்லாட்டி குழம்பே இல்லன்னு மீன்காரம்மாகிட்ட நீ மல்லுக்கு நிப்பே. இங்க தலையைக் கழிச்சுட்டு வாலுக்குக் கிண்ணம் தேடுறாங்க! விருந்துல ஒரு பெரியவர் மட்டும் வாலோட மென்னு முழுங்கினார். எல்லாரும் அவரையே பாத்தாங்க. அப்பாவும் அப்படித்தானே தின்பாங்க. எனக்கு அவர்கூடப் போய் நின்னுக்கலாம்போல இருந்துச்சு.

பக்குவம் உனக்குத் தெரியாததில்ல. ஆனா இந்த எறாவுல தண்ணி நிக்கிறதுக்குன்னு பாஸ்பேட் உப்பு சேத்துருக்காங்க. அப்படியே சட்டியில போட்டா வறுபடாது, வெந்துடும். அதனால காகிதத்தால ஒத்தி எடுத்துட்டு, உப்பைக் குறைச்சு, மிளகாத்தூள், மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு பிசறி, கொஞ்சம் கொஞ்சமா ஈடு போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒண்ணரை நிமிஷம். எறா இங்கிலீஷ் 'சி' போல வளைஞ்சா பதம், 'ஓ' போல சுருண்டா ரப்பர்னு இந்த ஊர்ல சொல்றாங்க. சரியான கணக்குதான். கடைசியா எலுமிச்சம்பழம்.

ஒவ்வாமைக்காரங்களுக்காகத் தட்டு முன்னால ஒரு அட்டை வேற எழுதி வச்சேன். நம்ம வீட்டுக் காரத்துல பாதிதான் போட்டேன். அதுக்கே மூக்கை உறிஞ்சிக்கிட்டு மறுபடி மறுபடி வந்தாங்க. ஆட்டத்துல யார் ஜெயிச்சாங்கன்னு கேக்காதே. அடுப்படியில நான்தான்.

ஆனா உன்கிட்ட மட்டும் சொல்றேன், அதுல ருசியே இல்ல. காரத்துக்குத்தான் தட்டு காலியாச்சு. காலையில கரைக்கு வந்து மதியம் இலைக்கு வர்ற எறாவைத் தின்னுட்டு, பையில வந்ததை எப்படி எறான்னு சொல்றது?

மாமா வர்றப்போ நம்ம மிளகாத்தூள் ஒரு கிலோ குடுத்து விடு. கைப்பையில வைக்க வேணாம்னு சொல்லு. 350 மில்லிக்கு மேல பொடி இருந்தா விமான நிலையத்துல தனியாச் சோதிப்பாங்க. பெட்டியில, ரெண்டு உறை போட்டு.

உன் சின்னவ