அந்த 0.1 குழந்தை யாருடையது?

கேள்வி: ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்றார்கள். இப்போது அதிகம் பெறுங்கள் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
(வாசகர், சாந்திபுரம்)

பதில்: முதலில் உங்கள் வீட்டம்மா பேச்சை!

அதிகம் பெறச் சொன்னவர் உங்கள் குப்பம் தொகுதி எம்.எல்.ஏ.வும் ஆந்திர முதல்வருமான சந்திரபாபு நாயுடுதான். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற பழைய தடையையும் 2024-ல் ஆந்திரம் நீக்கிவிட்டது. ஒரு காலத்தில் மூன்றாவது குழந்தை பிறந்தால் பஞ்சாயத்துத் தலைவர் கனவு போச்சு!

கவலைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ள, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். ஆந்திரத்தில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1.7. அப்பா அம்மாவுக்குப் பதில் இரண்டு, அந்த 0.1 எதற்கு? பெண்ணைவிட ஆண் குழந்தை சற்றுக் கூடுதலாகப் பிறக்கிறது. சில பெண்கள் தாயாகும் வயதை எட்டுவதில்லை. அந்தக் குறைக்குத்தான் இது.

ஆனால் 1.7 என்றதும் ஊர் காலியாகிவிடாது. முன்பு ஏராளமாகப் பிறந்தவர்கள் இப்போது பெற்றோர் வயதில் இருப்பதால், மக்கள்தொகை கொஞ்சகாலம் ஏறிக்கொண்டே போகும். பிரேக் போட்ட ரயில் சட்டென்று நிற்குமா?

ரயில் என்றதும் இன்னொன்று. உங்கள் பக்கத்துக் குப்பம் ஸ்டேஷனில் காலையில் பெங்களூர் வண்டிக்கு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். எத்தனை பெற்றாலும், வேலை அங்கே இருந்தால் பிள்ளையும் அங்கேதான்!