கானன் மகாத்மியம்

முன்னொரு காலத்தில், அதாவது 1979-இல், இஸ்ரேலைச் சேர்ந்த மெனஹம் கோலன், யோரம் குளோபஸ் என்ற இரு பங்காளிகள் அமெரிக்காவுக்கு வந்து, முக்கால் உயிர் போய்க் கிடந்த கானன் ஃபிலிம்ஸ் கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். கோலன் மூத்தவர், சிக்கனச் சக்கரவர்த்தியான தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனிடம் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவர். அவர் படம் எடுப்பார், குளோபஸ் விற்பார். விற்ற பிறகுதான் எடுப்பார்கள் என்பது தொழில் ரகசியம்.

கான் திரைப்பட விழாவுக்கு மற்றவர்கள் படப்பெட்டியோடு போவார்கள். இவர்கள் போஸ்டரோடு போவார்கள். துப்பாக்கியும் கையுமாக ஒரு ஆள், அவன் பின்னால் ஹெலிகாப்டர், அதற்கும் பின்னால் தீ. கதையா? அட, அதற்கென்ன இப்போ அவசரம்! ஜெர்மனி ஒருவருக்கு, ஜப்பான் இன்னொருவருக்கு என்று நம்மூர் ஏரியா வியாபாரம் போலவே பிரித்து விற்று, அந்த ஒப்பந்தக் காகிதங்களை பேங்கில் வைத்துக் கடன் வாங்கி, கடனில் படம். படம் நன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் ஷரத்து கிடையாது.

முதல் அவதாரம் நிஞ்சா. இருட்டோடு இருட்டாகப் பதுங்குவது நிஞ்சாவின் குலத்தொழில். 1981-இல் வந்த ‘என்டர் தி நிஞ்சா’வில், மீசை வைத்த இத்தாலிக்காரர் ஃப்ராங்கோ நீரோவுக்குக் கறந்த பால் நிறத்தில் உடுப்பு தைத்துக் கொடுத்தார்கள். மணிலா வெயிலில் அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரிவார். எதிராளிகளுக்குத்தான் தெரியாது. முகமூடி போட்டுவிட்டால் உள்ளே யார் சண்டை போடுகிறார்கள் என்று யாரும் கேட்க முடியாது பாருங்கள், அதனால்தான் சிக்கனக்காரர்களுக்கு நிஞ்சா மேல் அத்தனை பாசம். தவிர, செத்த நிஞ்சாவே அடுத்த காட்சியிலும் எழுந்து வந்து சாகலாம். இரட்டைச் சம்பளம் தர வேண்டியதில்லை.

மூன்றாம் பாகத்தில் (1984) கற்பனை கரைபுரண்டது. சாகக் கிடக்கும் நிஞ்சா ஒருவனின் ஆவி, டெலிபோன் கம்பம் ஏறும் பெண் ஒருத்தியின் உடம்பில் புகுந்துவிடுகிறது. அவள் ஓய்வு நேரத்தில் ஏரோபிக்ஸ் வேறு சொல்லித் தருகிறாள். பேயோட்ட இன்னொரு நிஞ்சா வருகிறான், ஒற்றைக் கண்ணில் பட்டை கட்டிக்கொண்டு. நம்மூர் அம்மன் படக்காரர்கள் கூட இவ்வளவு துணிந்ததில்லை. மறு வருடம் ‘அமெரிக்கன் நிஞ்சா’. அதில் ஹீரோவுக்குப் பழசு எதுவும் ஞாபகமில்லை. வசனகர்த்தாவுக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்து சண்டை நடிகர் சக் நாரிஸ். வியட்நாமில் தோற்ற யுத்தத்தை அவர் ஒற்றை ஆளாக ஜெயித்துவிட்டு வரும் படங்கள் இரண்டை ஒரே மூச்சில் எடுத்தார்கள். போட்டுப் பார்த்தால் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிடத் தேவலை. சாதாரண மனிதர்கள் என்ன செய்வார்கள்? முதல் பாகத்தைச் சரிசெய்வார்கள். பங்காளிகள் இரண்டாவதையே முதலாவதாக ரிலீஸ் செய்துவிட்டு, முதலாவதற்கு ‘ஆரம்பம்’ என்று பெயர் சூட்டி 1985-இல் பின்னால் அனுப்பினார்கள். ஒரு அடி ஃபிலிம் வீணாகவில்லை.

அதே 1985-இல் இரண்டு படங்கள். ‘டெத் விஷ் 3’-இல் 60 வயதைத் தாண்டிய சார்லஸ் பிரான்சன், தபாலில் துப்பாக்கி தருவித்து நியூயார்க் ரவுடிகளைச் சுட்டுத் தள்ளுகிறார். அந்த நியூயார்க்கில் பெரும்பகுதி லண்டன். ‘இன்வேஷன் யுஎஸ்ஏ’வில் நாரிஸ், ஃப்ளோரிடாவில் கரையேறிய ஒரு படையையே தனியாக அடக்குகிறார். இதில் தரைமட்டமாகும் வீடுகள், அட்லாண்டா விமான நிலையத்தை விரிவாக்க எப்படியும் இடிக்கவிருந்தவை. இரண்டு படத்திலும் கடைசி வில்லன் சாவது ஒரே விதமாக: கட்டடத்துக்குள்ளே, பத்தடி தூரத்தில், ராக்கெட் லாஞ்சரால். சுட்டவருக்கு ஒரு கீறல் இல்லை. பௌதிக வாத்தியார்கள் இந்த இடத்தில் எழுந்து காப்பி சாப்பிடப் போகலாம்.

இத்தோடு நின்றிருந்தால் இன்றும் சௌக்கியமாக இருந்திருப்பார்கள். சில்லறைக் காசில் எடுத்தவரை எவ்வளவு அபத்தமும் லாபம்தான். கௌரவ ஆசை பிடித்தது. 1985 கான் விழாவில் கலைப்பட இயக்குநர் கோடாருடன் கைதுடைக்கும் நாப்கினிலேயே ஒப்பந்தம் எழுதினார் கோலன்; கிடைத்தது ஒரு ‘கிங் லியர்’. அதன் ஆரம்பத்திலேயே, படம் எங்கே என்று கோலன் போனில் புலம்புவதை கோடார் அப்படியே சேர்த்துவிட்டார்!

பிறகு ‘சூப்பர்மேன் 4’ (1987). பட்ஜெட்டைப் பாதிக்கும் கீழே வெட்டினார்கள். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் ரயில் நிலைய வாசல் ஐ.நா. தலைமையகமாயிற்று. சூப்பர்மேன் பறந்து வரும் ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். விண்வெளிக்குத் தூக்கிச் செல்லப்படும் கதாநாயகி, சாதாரண உடையில், கடற்கரைக் காற்று வாங்குவதுபோல மூச்சு விடுகிறாள். நிஞ்சா படத்தில் இதெல்லாம் அழகு. சூப்பர்மேனில் ஊரே சிரித்தது.

ஸ்பைடர்மேன் உரிமையையும் வாங்கி வைத்திருந்தார்கள். முதலில் எழுதப்பட்ட கதையில் அவர் எட்டுக்கால், உடம்பெல்லாம் மயிருள்ள நிஜச் சிலந்தியாகவே மாறிப்போகிறார். அது நின்றுபோனது. அதற்கும் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்’ இரண்டாம் பாகத்துக்கும் தயார் செய்த செட்டும் உடுப்பும் சும்மா கிடக்கலாமா? சண்டை நடிகர் வான் டாமைக் கூப்பிட்டு ‘சைபோர்க்’ (1989) எடுத்துவிட்டார்கள்.

அந்த வருடமே பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிரிந்த ஜோரில் இருவருக்கும் ஒரே யோசனை: லம்பாடா நடனம். குளோபஸ் பக்கத்துப் படத்தில் பகலில் கணக்கு வாத்தியார், இரவில் லம்பாடா ஆடுகிறார். கோலன் பக்கத்துப் படத்தில் அமேசான் காட்டு இளவரசி லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து, ஆடியே மழைக்காட்டைக் காப்பாற்றப் பார்க்கிறாள். 1990 மார்ச் 16 அன்று, ஒரே நாளில், இரண்டும் ரிலீஸ். இரண்டும் படுத்தன.

2014-இல் ஆஸ்திரேலிய இயக்குநர் மார்க் ஹார்ட்லி இந்தக் கூத்தையெல்லாம் ஆவணப்படமாக எடுத்தார். பேட்டிக்கு அழைத்தபோது பங்காளிகள் மறுத்துவிட்டு, தங்களைப் பற்றிய வேறொரு ஆவணப்படத்தில் கைகோத்து உட்கார்ந்து பேசினார்கள். அது ஹார்ட்லியின் படத்துக்குச் சில மாதம் முன்பே திரைக்கு வந்துவிட்டது.