டிரிப்டோபன் உண்போர் இயல்

உண்ணப்படுவது ஒன்று, உண்போர் பலர். ஆதலின் பொருளை விட்டு உண்போரை வகுத்தோம் என்க.

பொருளாவது, உடம்பு தானே ஆக்கிக்கொள்ள மாட்டாத ஒன்பது அமினோ அமிலங்களுள் ஒன்று. 1901இல் ஹாப்கின்ஸ், கோல் என்னும் ஆய்வாளர் இருவர் பால் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தது. செரட்டோனின், மெலட்டோனின், நயாசின் மூன்றுக்கும் மூலம்.

உண்போர் இருவகையர்: அறியாது உண்போர், அறிந்து உண்போர். முன்னவர் பருப்பு, முட்டை, மீன் வழியே விழுங்குவோர். இவர்களால் நூலுக்கு வேலையில்லை. மக்காச்சோளமே கதியென்று கிடந்து, நயாசின் குறைந்து பெல்லக்ரா நோய் கண்டோரை 'உண்ணாதோர் இயல்' கூறும். அவ்வியல் இன்னும் எழுதப்படவில்லை.

அறிந்து உண்போருள் முதல்வர் உறக்கம் வேண்டுவோர். படுத்ததும் தூக்கம் சற்று முன்னதாக வரும் என்பதற்குச் சில ஆய்வுகள் துணை நிற்கின்றன. 'சற்று' என்பதை அழுத்திப் படிக்க. அடுத்தவர் மனச்சோர்வு நீங்க வேண்டுவோர். இதனையும் இதன் வழிப்பொருளான 5-எச்டிபியையும் பற்றிய 108 ஆய்வுகளைக் மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் திறனாய்வாளர்கள் திரட்டினர். தேறியவை இரண்டு. நூற்றெட்டு அர்ச்சனைக்குப் போதும், இரண்டு மருந்துச்சீட்டுக்குப் போதாது.

மூன்றாமவர் துணையோடு உண்போர். மனச்சோர்வு மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு, 'இது இயற்கைதானே' என்று இதையும் சேர்ப்பவர். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் அளவுமீறினால் நடுக்கம், வியர்வை, பதற்றம், காய்ச்சல், சிலபோது உயிரிழப்பு. இவ்வகையினரிடம் நகைச்சுவை செல்லாது.

நான்காமவர், டிரிப்டோபன் உண்பதாக எண்ணிப் பிறிதொன்றும் உண்டோர். 1989 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மூன்று பெண்களுக்குத் தாங்கவொண்ணாத தசைவலி. இரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். மூவரும் டிரிப்டோபன் மாத்திரை எடுத்தவர்கள். கணக்கு எடுத்து முடித்தபோது 1,500க்கு மேற்பட்ட நோயாளிகள், குறைந்தது 37 சாவுகள். தடம் ஜப்பானின் ஷோவா டெங்கோ நிறுவனத்தின் ஆலையில் போய் நின்றது. அங்கே இவ்வமிலத்தைச் சுரக்கும் பாக்டீரியாவை மரபணு மாற்றி வைத்திருந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், வடிகட்டும் கரித்தூளையும் குறைத்திருந்தார்கள். சரக்கில் மாசுகள் அகப்பட்டன. இங்கே உரையாசிரியர்கள் பிணங்குவர். பாக்டீரியாவே குற்றவாளி என்பர் ஒருசாரார், கரியின் குறைவே என்பர் வேறொருசாரார், டிரிப்டோபனும் முழுக்க நிரபராதி அன்று என்பர் பிறர். இரு மாற்றமும் ஒருங்கே நிகழ்ந்தமையால் முடிபு அரிது. கரியில் மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்று கேட்பார் யாரும் இல்லை, நமக்கோ அதுதான் கேட்கத் தோன்றுகிறது.

அதன்பின் அமெரிக்காவில் விற்பனைக்குத் தடை வந்து, பல ஆண்டு கழித்துத் தளர்ந்தது. குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்ப்பதற்கு அத்தடைக் காலத்திலும் விதிவிலக்கு இருந்தது.

அற்றேல், பன்றித் தீவனத்திலும் இதைக் கலக்கின்றனரே, பன்றி எவ்வகைத்து எனின்: அறியாது உண்போருள் அடங்கும். ஆயினும் மற்றோர் அமினோ அமிலமான லைசினோடு விகிதம் பார்த்து, உடல் எடைக்கேற்ப அளந்து கொடுக்கப்படுவது அதற்கே ஆகலின், வரிசையில் முதலில் வைக்கவும் அமையும்.