தட்டு மாமா

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எந்த ஊரில் புது வீடு எழும்பினாலும், தளம் ஒட்டிய மறுவாரம் ஒருவர் வந்து இறங்குவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வாசலில் ஜல்லி கொட்டியிருந்தால் அதுவே அவருக்குப் பத்திரிகை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மின்வாரியம், ரயில்வே, சர்க்கரை ஆலை என்று எங்கிருந்தாவது ஓய்வு பெற்றிருப்பார். அவர் பார்த்த உத்தியோகத்துக்கும் கட்டட வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. பழைய எக்ஸ்எல் வண்டியை மணல் குவியலில் சாய்த்துவிட்டு உள்ளே வருவார். வீட்டுக்காரர் நீட்டும் டீயை இடது கையில் வாங்கிக்கொள்வார். வலது கை சாவிக்கொத்தை எடுத்துச் சுவரில் டொக், டொக் என்று இரண்டு தட்டு தட்டும்.

சொந்தக்காரர்கள் பெரியப்பா என்பார்கள், சித்தப்பா என்பார்கள். கொத்தனார்கள் எல்லா ஊரிலும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். "டேய், தட்டு மாமா வந்துட்டாரு. அந்தக் கோழிவலைய எடுத்து அவரு கண்ணுல படுற மாதிரி வை."

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்று ஆராய வேண்டியதில்லை. கோடை வந்தால் திண்டிவனம் பக்கம் சாலையோரமெல்லாம் தர்பூசணி குவிந்துகிடக்கும். விரலை மடக்கி ஒரு தட்டு தட்டி, பழுத்ததா வெம்பியதா என்று தீர்ப்புச் சொல்லத் தெரியாதவரை அந்த வட்டாரத்தில் ஆளாகவே மதிப்பதில்லை. மாமா அந்தக் காதைத்தான் சுவருக்குக் கொண்டுவந்திருக்கிறார். பழம் பொத்தென்று கேட்டால் வாங்கலாம். சுவர் பொத்தென்று கேட்டால் கொத்தி எறிய வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான்.

டைல்ஸ்மேல் அவருக்கு ஆசையே கிடையாது. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வந்த டைல்ஸைப் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்து, இந்தப் பூவா அந்தப் பூவா என்று பொழுதெல்லாம் யோசித்து வாங்கி வருவார்கள். அதை ஆவலாக எடுத்துக் காட்டினால், மாமா முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவுவார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "எதும்மேல ஒட்டப்போற?"

அவருடைய வாழ்நாள் எதிரி ஒரு சொல். 'மூடிடும்.' பிளாக் கட்டுகிறவர் வரிசை பிசகினால் "பூச்சுல மூடிடும் சார்" என்பார். பூசுகிறவர் "டைல்ஸ் மூடிடும்" என்பார். டைல்ஸ்காரர் "கிரவுட் போட்டா மூடிடும்" என்பார். கடைசியில் வீட்டுக்காரர் அந்த மூலையில் ஒரு பீரோவை நகர்த்தி வைத்து, தன் பங்குக்கு மூடுவார். இந்தச் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் கையை விட்டு இழுப்பதே மாமாவின் தொண்டு.

ஹாலோ பிளாக் சுவர் என்றால் முதலில் கல்லின் வயதைக் கேட்பார். பிளாக்கும் சிமென்ட்தான். பட்டறையில் அச்சிலிருந்து எடுத்து இரண்டு வாரம் தண்ணீர் காட்டி, அப்புறம் நன்றாகக் காயவிட்டு அனுப்ப வேண்டும். காய்கிறபோது சுருங்கும், அந்தச் சுருக்கம் பட்டறையிலேயே முடிந்துவிட்டால் நல்லது. அச்சு ஈரம் போகாத கல்லை ஏற்றி வந்து கட்டினால், சுவர் ஆனபிறகு சுருங்கி விரிசல் விடும். விரிசல் பூச்சுக்கு வரும், பூச்சிலிருந்து டைல்ஸுக்கு வரும். மாமா சாவியால் ஒரு கீறு கீறி, உதிர்வதை ஊதிவிட்டுச் சொல்வார்: "இது நேத்துப் பொறந்த கொழந்தடா. இதும்மேல பாரத்த ஏத்துறீங்களே."

அடுத்து பில்லரும் பிளாக்கும் சேரும் இடம். பில்லர் ஒரு குணம், பிளாக் ஒரு குணம், வெயிலில் இரண்டும் ஒரே அளவில் நீளுவதில்லை. அந்தச் சந்தில் கோழிவலை அடித்துத்தான் பூச வேண்டும். பில்லரின் மேல் ஷட்டரிங் எண்ணெய் மினுமினுக்கும். அதைத் தேய்த்துக் கழுவி, உளியால் அம்மைத் தழும்பு விழக் கொத்திவிட்டால்தான் கலவை பிடிக்கும். எலக்ட்ரீஷியன் காடி வெட்டி பைப் பதித்த இடத்தில் மாமா ரொம்ப நேரம் நிற்பார். காரணம் இருக்கிறது. அங்கே கலவைக்குப் பதிலாக சிமென்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து மேலாகப் பூசிவிடும் கலைஞர்கள் நம் நாட்டில் உண்டு. ஒரு தட்டு. பொத். சாவியை நுழைத்து இழுத்தால் சிமென்ட் கம்பெனியின் பெயர் பாதி வெளியே வரும். அந்த நேரத்தில் மாமாவின் முகத்தில் தெரிகிற சந்தோஷம், பேரன் பிறந்த செய்தி வந்தபோதுகூடத் தெரிந்திருக்காது.

மணலை உள்ளங்கையில் போட்டுத் தேய்ப்பார். கை வெள்ளையானால் தொலைந்தது. எம்சாண்ட் என்று சொல்லி கிரஷர் பவுடரைக் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தூசி அதிகமான கலவை சுவரைப் பிடிக்காது, உலர்ந்ததும் வெடிக்கும். இந்த ஜில்லாவின் கல் குவாரிகளில் பல திருவக்கரைப் பக்கம் இருப்பதால், பேச்சு உடனே அங்கே தாவும். திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது; சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. "அந்த மரம் கல்லாவறதுக்கு 2 கோடி வருஷம் பொறுத்துச்சு. உன் பூச்சு கல்லாவறதுக்கு 20 நாள் பொறுக்க மாட்டியா?" ஏழு நாளாவது தண்ணீர் அடித்து, பிறகு இரண்டு மூன்று வாரம் காயவிடாமல் டைல்ஸ் கையில் எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

பூசும் கொத்தனாருக்கும் அவருக்கும் நடக்கும் சண்டை தனிக் கச்சேரி. நல்ல கொத்தனாருக்கு மழமழவென்று தேய்த்து முடிப்பதில்தான் பெருமை. மணியாசுக் கட்டையைச் சுழற்றிச் சுழற்றி, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டு, பாராட்டுக்காகத் திரும்பிப் பார்ப்பார். மாமா கரணையை வாங்கி அந்தச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் கீறிவைப்பார். டைல்ஸ் வரும் சுவர் சொரசொரப்பாக இருந்தால்தான் பிடிப்பு என்பது கொத்தனாருக்கும் தெரியும். ஆனால் வேலை செய்த கை கேட்குமா? "கல்யாணப் பொண்ணு மூஞ்சில கரியப் பூசிட்டியே மாமா!" என்று கத்துவார்.

முழக்கோலை வைத்துப் பார்த்து, 2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்குமேல் சந்து தெரிந்தால், பூச்சிலேயே சரி பண்ணச் சொல்வார். கோணல் சுவரை டைல்ஸ் ஒட்டும்போது சமாளிக்கிறவர்கள் டைல்ஸுக்குப் பின்னால் நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று கலவையை வைத்து அழுத்துவார்கள். பார்வைக்கு நேராக இருக்கும். உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் வெறும் காற்று. அங்கே ஆணி அடித்தால் டைல்ஸ் பிளக்கும், குழாயடி ஈரம் போய்த் தங்கும், நாள்பட உப்புப் பூக்கும். "உப்பு வெளையறதுக்கு மரக்காணம் இருக்குடா. உன் சமையக்கட்டு எதுக்கு?" என்பார்.

பசை விஷயத்தில் அவர் காலத்தோடு வந்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரணச் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்குமேல் தண்ணீர் குடிக்கும். ஊறவைத்து சிமென்ட் பாலில் ஒட்டினால் நிற்கும். விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்குமேல் குடிக்காது. சிமென்ட் பால் உள்ளே இறங்க வழியில்லை. அதனால் பசை மூட்டையில் ஐ.எஸ். 15477 என்று போட்டிருக்கிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படிப்பார்.

வெயிட்லெஸ் பிளாக் மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு துண்டை உடைத்து வாளித் தண்ணீரில் போடுவார். மிதக்கும். "மெதக்குற கல்லுல வூடு கட்டுறானுங்கபா, மழ பெஞ்சா மரக்காணத்துக்குப் பூடும்." இது அநியாயம். ஸ்வீடன்காரர் ஒருவர் 1920களில் கண்டுபிடித்து, பனி கொட்டும் நாடுகளில் எல்லாம் நின்று காட்டிய கல் அது. தண்ணீரை அதிகம் உறிஞ்சும் என்பதால் அதற்கேற்ற பூச்சும் பக்குவமும் வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் கேட்கமாட்டார். தட்டினால் அவர் காதுக்குப் பழக்கமான சத்தம் வருவதில்லை; அந்தக் கோபம்தான் மற்றதெல்லாம்.

இவ்வகை மாமாக்களுக்கு ஒரு தீர்த்த யாத்திரையும் உண்டு: செஞ்சி பக்கம் போகும்போது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதையும் இல்லாமல் எடுப்பித்ததாக ராஜாவே கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார். பூச்சே இல்லாத சுவர், காடி வெட்டாத சுவர். மாமா துவாரபாலகர்களைப் பார்க்காமல் தூணை ஒரு தட்டு தட்டிவிட்டு, "ஆளு வெவரமானவன். கொத்தனாரையே நம்பல" என்று சான்றிதழ் கொடுப்பார்.

எல்லாச் சண்டையும் கடைசியில் முகூர்த்தத்தில் வந்து முட்டும். ஆடி வந்தால் விசேஷம் கிடையாது. விட்டால் ஆவணிதான். பத்திரிகை அடித்தாயிற்று, சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பாத்ரூம் பூச்சு முந்தாநாள்தான் முடிந்திருக்கிறது. வீட்டுக்காரர் கெஞ்சுவார். "மாமா, வர வெள்ளிக்கெழம கிரகப்பிரவேசம். டைல்ஸ்காரரு ஃபேன் போட்டுக் காய வச்சிடலாங்கறாரு."

"சுவத்துக்கு வேர்க்குதுன்னு ஃபேன் போடுறீங்களா? நான் சொல்றன் கேளு. பூஜ ரூமு, சமையக்கட்டு பூசி மாசமாவுது, அத ஒட்டு. பாத்ரூம பூட்டு. சாவிய எங்கிட்ட குடு."

வீட்டுக்காரியம்மாள் முறைப்பார்கள். ஆனாலும் அப்படித்தான் நடக்கும். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பசுமாடு வரும், ஹோமம் புகையும், பால் பொங்கும். பாத்ரூம் கதவில் மாவிலைத் தோரணமும் பூட்டும் ஜோடியாகத் தொங்கும். காபி குடித்து முடித்த ஜனம் ஒவ்வொருவராக எழுந்து பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறம் போய் வரிசை கட்டும். மாமாவும் அந்த வரிசைக்குப் போவார். நிற்பதற்கல்ல. போன வருஷம் அவர் பேச்சைக் கேட்காமல் அவசரமாக முடித்த வீடு அது. வெளிச்சுவரோரம் குனிந்து, சாவிக்கொத்தை எடுத்து, காதை ஒட்டிவைத்து ஒரு தட்டு தட்டுவார்.

"ஆளு இருக்கு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.