சும்மா இருக்கும் கை

டேபிள் டென்னிஸில் பேட் பிடித்த கைக்குச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் கவலையெல்லாம் பேட் பிடிக்காத கையைப் பற்றியது. வேலை செய்கிற ஆளைச் சமாளித்துவிடலாம். பக்கத்தில் சும்மா நிற்கிற ஆளைத்தான் சமாளிக்க முடியாது. எல்லா ஆபீஸிலும் இதுதான் நிலைமை. என் உடம்பிலும் இதுதான்.

எங்கள் கிளப்புக்குச் சாயங்காலம் வந்தால், பேக்ஹேண்ட் ஆடுகிறவர்களின் இடது கைகளை வகை பிரித்தே அடுக்கிவிடலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அங்கே பிரம்பு இருக்குமோ என்று எதிராளிக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். பேங்க்காரர் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். ரேலி நடக்கும்போதே சில்லறை எண்ணும் சத்தம் கேட்கும். ஒருவருக்கு டிராக் பேன்ட் இடுப்பில் நிற்காது. எங்கள் எல்லோரிலும் அவருடைய இடது கைக்கு மட்டும்தான் நிரந்தர வேலை. இன்னொருவர் பந்தை அடிக்கும்போதெல்லாம் இரண்டு விரலை நீட்டுவார். கேன்டீன் பையன் இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டான். என்னுடையது வெறுமனே தொங்கும் வகை.

கோச்சுக்கு என் பையன் வயதுதான். "அங்கிள், லெஃப்ட் ஹேண்ட்!" என்று ஒவ்வொரு பந்துக்கும் கத்துவான். அவனுக்கு என்ன தெரியும்? இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் இடது கை மடியை விட்டு எழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். பணம் கொடுப்பது, பிரசாதம் வாங்குவது எல்லாம் வலது கையால்தான். தவறி இடது கையை நீட்டினால் பாட்டி வாங்கமாட்டாள். திட்டிவிட்டு, மறுபடி நீட்டச் சொல்வாள். அரை நூற்றாண்டாக அப்படி அடங்கிக் கிடந்த கையைத் திடீரென்று "முன்னால கொண்டு வாங்க" என்றால் அதற்குக் கூச்சமாக இருக்காதா?

பாட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சர்வதேச விதிகளிலும் இதே ஓரவஞ்சனைதான். பேட் பிடித்த கை மேஜைமேல் பட்டால், மேஜை நகராதவரை குற்றமில்லை. அந்தக் கையின் விரலில் பட்டுப் பந்து திரும்பிப் போனால்கூடச் செல்லும். சும்மா இருக்கும் கை ஆட்டத்தின் நடுவே மேஜையை லேசாகத் தொட்டாலோ, புள்ளி எதிராளிக்கு. அதற்கென்று இருக்கும் ஒரே உத்தியோகம் சர்வீஸ். அதிலும் கெடுபிடி: உள்ளங்கையை விரித்து ஆடாமல் வைத்திருந்து, பந்தை 16 சென்டிமீட்டராவது மேலே எறிய வேண்டும். எறிந்ததும், பந்துக்கும் நெட்டுக்கும் நடுவே நிற்காமல் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

ஆனாலும் கோச் பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மனிதனின் ஒரு கை, உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. எழுபது கிலோ ஆசாமி என்றால் மூன்றரைக் கிலோ. பேட் இருநூறு கிராமைத் தொடுவதே அதிகம், பந்து 2.7 கிராம். இந்த இரண்டையும் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு மூன்றரைக் கிலோவை அம்போவென்று விட்டுவிடுகிறோம். பேக்ஹேண்டில் பேட் வயிற்றுக்கு முன்னாலிருந்து கிளம்புகிறது. அப்போது இடது கை பின்னால் தொங்கினால் தோள் அந்தப் பக்கம் சாய்கிறது, எடை குதிகாலுக்குப் போகிறது, பந்து எங்கேயோ போகிறது. முழங்கையை மடக்கி, பேட் இருக்கும் உயரத்திலேயே முன்னால் வைத்துக்கொண்டால் இரண்டு தோளும் மட்டமாக நிற்கும். அடுத்த பந்து ஃபோர்ஹேண்டுக்கு வந்தாலும் உடம்பு சட்டென்று திரும்பும். விரல்களை முறுக்கவும் வேண்டாம், விறைக்கவும் வேண்டாம்.

வீட்டில் இதைக் கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்தேன். "ஏங்க, கையை எங்க வெச்சுக்கறதுன்னு கத்துக்கவா மாசாமாசம் ஃபீஸ் கட்டறீங்க?" என்றாள் மனைவி. தேசியப் பட்டத்தைப் பத்து முறை வென்ற நம் சென்னை சரத் கமலின் ஆட்டத்தை டிவியில் போட்டு, "பந்தைப் பார்க்காதே, இடது கையை மட்டும் பார்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவர் கை ஒழுங்காத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போலந்தின் நதாலியா பார்டிகாவையும் பாருங்கள். அவருக்குப் பிறவியிலேயே வலது முழங்கைக்குக் கீழே கை இல்லை. அந்த முழங்கை மடிப்பில் பந்தை வைத்து எறிந்து, இடது கையால் சர்வீஸ் போடுகிறவர். 2008இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் ஆடினார். முழுக் கை வைத்திருக்கும் நாம் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே உங்கள் பேக்ஹேண்ட் நெட்டில் விழுந்தால் பேட்டுக்குப் புது ரப்பர் வாங்க உடனே கடைக்கு ஓடாதீர்கள். முதலில் இடது கை எங்கே என்று தேடுங்கள். அது காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் இல்லை. இடது கைக்காரர்கள் இந்தக் கட்டுரை முழுவதையும் கை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.