ஒரிஜினல் அண்ணாச்சி

எங்கள் தெருமுனை டீக்கடையில் யாராவது ஒரு படத்தை "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். பெஞ்சின் மறுகோடியில் விரிந்திருக்கும் தினத்தந்தி மெல்லக் கீழே இறங்கும். அதன் பின்னாலிருந்து அண்ணாச்சியின் முகம் உதிக்கும்.

"ஒரிஜினல் பாத்தியாடே?"

பார்த்திருக்க மாட்டோம். அத்தோடு நம் கட்சி தோற்றது.

அண்ணாச்சி திருநெல்வேலியில் பாத்திரக்கடை வைத்திருந்து, மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். மச்சினன் திருவனந்தபுரத்தில் இருந்ததால் மலையாளப் படங்களை அங்கேயே போய்ச் சுடச்சுடப் பார்த்து வந்தவர். தெலுங்குக்கு, சரக்கு எடுக்கப் போன விஜயவாடா. இந்திக்குத் தூர்தர்ஷன். படம் நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். முதலில் பார்த்தது யார் என்பதுதான் வழக்கு.

'மணிச்சித்ரத்தாழ்' என்று அவர் சொல்லும்போது கடைசி 'ழ'வுக்குக் கிடைக்கும் மரியாதையைக் கேட்க வேண்டும். கடையில் 'வாளப்பளம்' கேட்டு வாங்குகிற அதே வாய்தான்.

"ஷோபனாவுக்குத் தேசிய விருது சும்மாவா குடுத்தான்? சந்திரமுகியில ஜோதிகா கண்ணை உருட்டிச்சு, இல்லேங்கல. ஷோபனா நம்மளையேல்லா உருட்டிப்போட்டா!"

1993-இல் வந்த அந்தப் படத்தை பி. வாசு 2004-இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக எடுத்துவிட்டு, மறு வருடம்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்று நான் ஒருநாள் வாய்விட்டுவிட்டேன். "அப்பிடிச் சொல்லு! ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தா எளுத்து மங்கத்தான செய்யும்?"

'கில்லி'யைப் பற்றிப் பேசவே கூடாது. 'ஒக்கடு' பார்த்தவர். "ரெண்டுலயும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான அண்ணாச்சி?" என்றால், "தெலுங்குல இன்னுங் கொஞ்சம் கெட்டவரா இருந்தாருடே" என்பார்.

'பாபநாசம்' வந்தபோது எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். பிணம் எங்கே புதைந்திருக்கிறது என்பதை இடைவேளைக்கு முன்பே நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார். 'த்ரிஷ்யம்' எடுத்த ஜீத்து ஜோசப்பே இதையும் எடுத்திருக்கிறார் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தோம். "அவரு ஒரிஜினலை இன்னொரு தடவை பாத்துட்டு எடுத்திருக்கணும்" என்று தீர்ப்பாயிற்று. கமலின் நெல்லைத் தமிழும் தப்பவில்லை. "நம்மூர்ல யாருடே இப்பிடிப் பேசுதா?" என்று கேட்டார், அச்சு அசலாக அப்படியே.

விமர்சகர்கள் மீது அவருக்குப் பகை என்று சொல்ல முடியாது, இரக்கம்தான். தியேட்டர் வாசலிலேயே மைக்கைப் பிடித்துப் பேசும் பையன்களைப் போனில் காட்டினால், "பாவம், ஒரிஜினல் பாத்திருக்க மாட்டான்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் மதிக்கும் விமர்சனம் ஒன்றே ஒன்று. '16 வயதினிலே'க்கு ஆனந்த விகடன் போட்ட 62.5 மார்க். "பாரதிராஜாவுக்கே அவ்வளவுதான். ரீமேக்குக்கு நான் முப்பத்தஞ்சு போடுதேன். பாஸாகிட்டுப் போகட்டும்."

போன வாரம் டீக்கடை டிவியில் 'எங்க வீட்டுப் பிள்ளை' ஓடியது. அண்ணாச்சி எம்.ஜி.ஆர். பக்தர். கட்சி வேட்டி கட்டாத நாளிலும் உள்ளே பக்தி உண்டு. வாத்தியார் சாட்டையைச் சொடுக்கியபோது அவர் கையிலிருந்த டீ தளும்பியது.

"இதைப் பாத்துத்தானடே இந்திக்காரன் 'ராம் அவுர் ஷியாம்' எடுத்தான்? திலீப் குமாரும் பாவம், என்னதான் செய்வாரு? ஒரிஜினல் மாதிரி வருமா?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

"அண்ணாச்சி, இது 1965. அதுக்கு முந்தின வருசமே தெலுங்குல 'ராமுடு பீமுடு' வந்தாச்சு. என்.டி.ஆர். ரெட்டை வேஷம். வாத்தியார் படந்தான் ரீமேக்."

கடையில் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணாச்சி டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பக்கம் வாழ்நாள் கொள்கை, மறுபக்கம் வாழ்நாள் தலைவர். டீயில் ஆடை படர்ந்தது.

கடைசியில் தம்ளரைக் கீழே வைத்தார்.

"வாத்தியாரு நடிச்சா அதாம்டே ஒரிஜினல். அதுக்கு முன்னால வந்ததெல்லாம் ஒத்திகை."

தினத்தந்தி மறுபடி மேலே ஏறியது.